இரண்டு பாட்டும் ஒரு தோளும்

எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் வரும்போது, சமையலுக்கு அடுத்தபடி எல்லாரும் கவலைப்படுவது கல்வெட்டைப் பற்றித்தான். கல்லில் வெட்டுவதில்லை, ஒரு சின்னப் புத்தகம். முன்னட்டையில் இறந்தவரின் படம், உள்ளே தேவாரம், வம்சாவளி, அதற்குப் பிறகு பிள்ளைகள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல் என்று வரிசையாகப் பாட்டுகள். புலம்புகிறவர்கள் எவரும் அந்தப் பாட்டுகளை எழுதியிருக்கமாட்டார்கள். அதற்கென்று ஓர் ஓய்வுபெற்ற வாத்தியார் இருப்பார். இறந்தவரின் பெயரையும் தொழிலையும் பிள்ளைகளின் எண்ணிக்கையையும் சொல்லிவிட்டு வந்தால், இரண்டு நாளில் எல்லாருடைய கண்ணீரையும் அவரே எழுதித் தந்துவிடுவார்.

அப்பாவின் அப்பா, என் அப்பப்பா இறந்தபோது அந்த வாத்தியார் எங்கள் ஊரான அன்புவழிபுரத்தில் இல்லை. முந்தைய வருடப் பிரச்சினையில் குடும்பத்தோடு படகேறி இந்தியாவுக்குப் போய்விட்டார். ஆகவே, துறைமுக அலுவலகத்தில் பைல்களுக்குக் குறிப்பு எழுதிப் பழகிய என் அப்பா, இந்த முறை புலம்பலையும் தானே எழுதுவது என்று தீர்மானித்தார். மூன்று நாள் கதிரையை வேப்பமரத்துக்குக் கீழே போட்டுக்கொண்டு விரல் மடித்துச் சீர் எண்ணினார். அம்மா தேத்தண்ணியை வைத்துவிட்டுச் சத்தம் போடாமல் திரும்பி வருவார்.

எனக்கு அப்போது பதினொரு வயது. வகுப்பிலேயே உருண்டையான கையெழுத்து என்னுடையது. அச்சகக்காரருக்குக் கண் மங்கல்; எழுத்து விளங்காவிட்டால் தனக்குத் தெரிந்த சொல்லைப் போட்டு அச்சடித்துவிடுவார். முன்பொருமுறை ஒரு கல்வெட்டில் ‘கொடையாளி’ என்பது ‘கடனாளி’ என்று வந்து பெரிய சண்டையானது. அதனால் பாட்டுகளை எல்லாம் நல்ல கோடு போட்ட தாளில் பிரதி எடுக்கும் பொறுப்பை அப்பா என்னிடம் தந்தார். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் உத்தியோகம் அதுதான்.

அப்பா எழுதிய பாட்டு பதினாறு வரி. தொடக்கம் இப்படி இருக்கும்:

தோளிலே ஏற்றி வைத்துத் துறைமுகம் காட்டி நின்றாய்
மாளிகை போல வந்த மரக்கலம் காட்டி நின்றாய்

அப்பாவுக்கு ஐந்து வயதாக இருந்தபோது ஒரு பெரிய வெள்ளைக் கப்பல் துறைமுகத்துக்கு வந்ததாம். ஊரே உவர்மலையில் ஏறி நின்று பார்த்ததாம். அப்பப்பா அப்பாவைத் தோளில் தூக்கிக்கொண்டுபோய்க் காட்டினாராம். இந்தக் கதையைச் சின்ன வயதிலிருந்தே கேட்டிருக்கிறேன்.

“அப்பா, அது இரும்புக் கப்பல்தானே. மரக்கலம் எண்டால் பிழை இல்லையா?” என்று கேட்டேன்.

“மோனைக்கு வேணும்,” என்றார் அப்பா.

இரண்டு நாள் கழித்து, குடாவுக்கு அப்பால் மூதூரில் இருந்து லோஞ்ச் படகில் வெற்றிலை கொண்டுவரும் முஸ்லிம் நானா ஒருவர் வாசலில் சைக்கிளை நிறுத்தி, நாலாக மடித்த ஒரு கடதாசியை வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார். சித்தப்பா அனுப்பியது. சித்தப்பா மூதூர்ப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தார். கடதாசியின் மேலே என் பெயருக்கு ஒரு குறிப்பு: ‘மகள், இதையும் கல்வெட்டில் போடச் சொல்லு. ஒரு எழுத்தும் மாத்தக்கூடாது.’

அண்ணனுக்கு எழுதாமல் எனக்கு எழுதியதற்குக் காரணம் இருந்தது. அப்பப்பா இறந்த அன்று ஊரடங்கு. மறுநாள் இரண்டு மணித்தியாலம் தளர்த்தினார்கள். அடுத்த தளர்வு எப்போது என்று ஒருவருக்கும் தெரியாது. லோஞ்சும் ஓடவில்லை. அப்பா தம்பிக்காகக் காத்திருக்காமல் அந்த இரண்டு மணித்தியாலத்துக்குள் சுடலைக்குக் கொண்டுபோய்க் காரியத்தை முடித்தார். சித்தப்பா மூன்றாம் நாள் வந்து இறங்கினார். படலையைத் திறந்து உள்ளே வந்தவர் யாரையும் கட்டிப்பிடித்து அழவில்லை.

“எனக்காக ஒரு நாள் வைச்சிருக்க ஏலாதா?” என்று மட்டும் அப்பாவைக் கேட்டார்.

அப்பா பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒரு சண்டையோடு முடிந்திருக்கும். சித்தப்பா அன்றே அடுத்த லோஞ்சில் திரும்பிப் போய்விட்டார். அதற்குப் பிறகு இருவருக்கும் இடையில் கதை பேச்சு இல்லை.

கடதாசியை நான் அப்பாவிடம் நீட்டினேன்.

“எழுதிப் போடு. நான் வாசிக்கத் தேவையில்லை,” என்று சொல்லிவிட்டு அவர் சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போனார்.

ஆகவே, இரண்டு பாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த முதல் ஆள் நான்தான். எங்கள் தமிழ்ப் பாட வினாத்தாளில் ‘பின்வரும் கவிதைகளை ஒப்பிட்டு எழுதுக’ என்று ஒரு கேள்வி வரும். எனக்கு அது நன்றாகப் பழகிப்போன வேலை. கொப்பியின் நடுவே கோடு கிழித்து, இந்தப் பக்கம் அப்பா, அந்தப் பக்கம் சித்தப்பா என்று எழுதினேன். எதுகை: அப்பாவுக்கு உண்டு, சித்தப்பாவுக்கு இல்லை. மோனை: அப்பாவுக்கு உண்டு, சித்தப்பாவுக்கு இல்லை. உவமை: அப்பாவுக்கு ஒன்பது, சித்தப்பாவுக்கு ஒன்றுமில்லை. சித்தப்பாவின் பாட்டு வெறும் ஒன்பது வரி. அதிலும் சில வரிகளில் இரண்டே சொற்கள். ஒரு வாத்தியார் இப்படி எழுதலாமா என்று எனக்குக் கோபம்கூட வந்தது. அப்பாவுக்கு எண்பத்தைந்து புள்ளியும் சித்தப்பாவுக்கு, சொந்தக்காரர் என்பதால், நாற்பதும் போட்டேன்.

சித்தப்பாவின் பாட்டு இப்படி முடிந்தது:

தோளில் இருந்த பிள்ளைக்குத்
தூக்கியவர் முகம் தெரியாது.
கப்பல்தான் தெரிந்தது.
மூன்றாம் நாள் வந்திறங்கினேன்.
அன்றைக்கும்
முகம் தெரியவில்லை.

பிரதி எடுக்கும்போதுதான் எனக்கு ஒரு விஷயம் தட்டியது. அதே உவர்மலை, அதே வெள்ளைக் கப்பல், அதே தோள். ஆனால் அப்பாவின் பாட்டில் தோளில் இருந்தது அப்பா. சித்தப்பாவின் பாட்டில் தோளில் இருந்தது சித்தப்பா. யாரோ ஒருவர் பொய் எழுதியிருக்கிறார்.

இதைத் தீர்க்கக்கூடியவர் வீட்டில் ஒருவர்தான் இருந்தார். மாமி, அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் அக்கா. சித்தப்பா பிறந்து ஒரு வருடத்தில் அவர்களுடைய தாய் காய்ச்சலில் போய்விட, தம்பிமார் இருவரையும் வளர்த்தது மாமிதான். அவர் கலியாணம் செய்யவில்லை. ஏன் என்று என் காதுபட யாரும் பேசியதும் இல்லை. குசினிக்குள் போனேன். மாமி சூடை மீன் துப்புரவாக்கிக்கொண்டிருந்தார்.

“மாமி, கப்பல் பார்க்கப் போகேக்க அப்பப்பா ஆரைத் தோளில வைச்சிருந்தவர்?”

மாமியின் கை நின்றது. “ஏன் கேக்கிறாய்?”

இரண்டு பாட்டையும் வாசித்துக் காட்டினேன். மாமி மீனைப் பார்த்தபடியே கேட்டார். முடிந்த பிறகு இன்னொரு மீனை எடுத்துச் செதில் சுரண்டினார்.

“ரெண்டு பேரையும்தான்,” என்றார்.

“ஒரே நேரத்திலயா?”

“ஒரு ஆளுக்கு ரெண்டு தோள் இருக்குத்தானே.”

சரியான கணக்கு. எனக்குத் திருப்தியாகப் போய்விட்டது. இரண்டு பாட்டுக்கும் போட்ட புள்ளியை மட்டும் நான் மாற்றவில்லை.

அடுத்த சனிக்கிழமை காலை அப்பா என்னைச் சைக்கிளின் முன்பாரில் இருத்திக்கொண்டு டவுனுக்கு, அச்சகத்துக்குப் புறப்பட்டார். அச்சகக்காரருக்கு எழுத்து விளங்காவிட்டால் சொல்லிக்கொடுக்க நான் வேண்டுமாம். பாட்டுத் தாள்கள் அப்பா போட்டிருந்த சேட்டின் பைக்குள் இருந்தன.

வழியில் இராணுவச் சோதனைச் சாவடி. எல்லாரும் இறங்கி, சைக்கிளை உருட்டிக்கொண்டு வரிசையில் போகவேண்டும். வழக்கமாக அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு விடுவார்கள். அன்றைக்கு இருந்த இளம் சிப்பாய் அப்பாவின் சேட்டுப் பையைத் தடவி, தாள்களை எடுத்து விரித்தான். கட்டை கட்டையான வரிகள். தமிழ் எழுத்து. அவனுடைய முகம் மாறியது. உள்ளே திரும்பி யாரையோ கூப்பிட்டான். மணல் மூட்டைக்குப் பின்னாலிருந்து மீசை வைத்த, வயதில் மூத்த ஒருவர் வந்தார். எங்களுக்குப் பின்னால் நின்றவர்கள் மெல்ல விலகி நின்றார்கள்.

அந்த நாட்களில் துண்டுக் கடதாசி ஒன்றுக்காகக் கூட்டிக்கொண்டு போகப்பட்டவர்களைப் பற்றி வீட்டில் மெதுவாகக் கதைப்பார்கள். அப்பாவின் கை என் தோளில் இருந்தது. அந்தக் கையாலேயே என்னைத் தன் பின்னால் நகர்த்தினார்.

மீசைக்காரர் சிங்களத்தில் கேட்டார். அலுவலகத்தில் பழகிய அப்பாவுக்குக் கொஞ்சம் சிங்களம் தெரியும். எனக்குப் பாதி விளங்கும்.

“இது என்ன?”

“கவி,” என்றார் அப்பா. அந்தச் சொல் இரண்டு மொழிக்கும் ஒன்று என்பது அன்றைக்கு எங்களுக்குப் பெரிய உதவி.

“கவியா? என்ன கவி? சொல்லு.”

அப்பா தன்னுடைய பாட்டைச் சிங்களத்தில் சொல்லத் தொடங்கினார். மூன்று நாள் விரல் மடித்துச் சேர்த்த எதுகையும் மோனையும் ஒன்றும் வரவில்லை. மாளிகை வரவில்லை, மரக்கலம் வரவில்லை. அவருக்குத் தெரிந்த சிங்களத்தில் வந்தது இவ்வளவுதான்: “என் அப்பா. செத்துப்போனார். சின்னதில் என்னைத் தூக்கினார். கப்பல் காட்டினார்.”

மீசைக்காரர் அடுத்த தாளைக் காட்டினார். “இது?”

“என் தம்பி எழுதினது.”

“இது என்ன சொல்லுது?”

அப்பா அதை வாசித்ததே இல்லையே. நான் சொல்லட்டுமா என்று பார்த்தேன். அப்பா தாளை வாங்கி வாசித்தார். ஒன்பது வரியை வாசிக்க அவ்வளவு நேரம் எடுக்கத் தேவையில்லை. வாசித்து முடித்தும் அவர் தாளில் இருந்து கண்ணை எடுக்கவில்லை.

இளம் சிப்பாய் துப்பாக்கியைக் கொஞ்சம் அசைத்தான். “சொல்லு.”

“என் அப்பா,” என்றார் அப்பா. “என்னைத் தூக்கினார். கப்பல் காட்டினார்.” தாளின் கடைசி வரியில் விரலை வைத்தார். “தம்பிக்குக் கடைசியில் அப்பாவின் முகம் பார்க்கக் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள்தான் வந்தான்.”

“ஏன், நீங்கள் அவன் வரும்வரை வைத்திருக்கவில்லையா?” என்று மீசைக்காரர் கேட்டார். விசாரணைக்காகக் கேட்டது போலத் தெரியவில்லை. செத்தவீட்டைப் பற்றி ஆட்கள் கேட்பது போலத்தான் கேட்டார்.

சித்தப்பா கேட்டபோது வாய் திறக்காத என் அப்பா, அந்த வெயிலில், முன்பின் தெரியாத ஒருவரிடம், தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னார். ஊரடங்கு. ஐஸ் கிடைக்கவில்லை. இரண்டு மணித்தியாலம்தான் தந்தார்கள். உடம்பு பொறுக்காது. தம்பியைக் கூப்பிட வழி இல்லை. லோஞ்ச் இல்லை. சுடலைக்குப் போகும் வழியில், தம்பி வருகிறானா என்று மூன்று தரம் துறைமுகப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். சொல்லிக்கொண்டே போனார். அந்த ஊரடங்குக்குக் காவல் நின்றவர்களில் மீசைக்காரரும் ஒருவர் என்பது அப்போது இருவருக்கும் ஞாபகம் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

மீசைக்காரர் தாள்களை வாங்கி மடித்துத் தானே அப்பாவின் சேட்டுப் பையில் வைத்தார். போகச் சொல்லிக் கையைக் காட்டினார்.

கொஞ்சத் தூரம் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து ஒரு மதகில் அப்பா உட்கார்ந்தார். முகத்தைச் சால்வையால் துடைத்தார். வெயிலுக்கு என்று நினைத்தேன்.

“பிள்ளை,” என்றார், “சித்தப்பான்ர பாட்டை முதல் போடச் சொல்லு. என்னுடையது பின்னால வரட்டும்.”

“உங்கடதுதான் அப்பா நல்லது. எதுகை எல்லாம் இருக்கு.”

“முதல் போடச் சொல்லு.”

அச்சகத்தில் இருந்தே ஒரு தபாலட்டை வாங்கி, முப்பத்தோராம் நாளுக்கு முதல் நாளே வந்துவிடும்படி சித்தப்பாவுக்கு எழுதினார். சமாதானம் என்றால் நிறையப் பேச்சு இருக்கும் என்று நான் எதிர்பார்த்தேன். சித்தப்பா வந்தபோது, அப்பா அவருடைய பையை வாங்கி உள்ளே வைத்தார். சித்தப்பா கால் கழுவிக்கொண்டு வந்து, “அண்ணா, வாழையிலை காணுமா, இன்னும் வெட்டட்டா?” என்று கேட்டார். அவ்வளவுதான் அவர்களுடைய சமாதானம்.

முப்பத்தோராம் நாள் சாப்பாடு முடிந்து, எல்லாருக்கும் கல்வெட்டுக் கொடுத்தோம். அப்பப்பாவோடு துறைமுகத்தில் வேலை செய்த கிழவர் ஒருவர் நிலாவெளியில் இருந்து பஸ் பிடித்து வந்திருந்தார். வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, கல்வெட்டை முகத்துக்கு நெருக்கமாகப் பிடித்து எழுத்துக் கூட்டி வாசித்தார். இரண்டு பாட்டையும் வாசித்துவிட்டுச் சிரித்தார்.

“தம்பிமார் பாட்டு நல்லா எழுதியிருக்கிறியள். ஆனா இந்த வெள்ளைக் கப்பல் வந்த அண்டைக்கு உங்கட அப்பா உவர்மலைக்கு வரேல்லை. அந்தக் கப்பலை உள்ளுக்கு இழுத்துக்கொண்டு வந்த டக் போட்டில என்னோட நிண்டவர். விடிய ஏறி, பொழுதுபட்டுத்தான் இறங்கினனாங்கள். அவ்வளவு பெரிய கப்பல் வேற வரேல்லை. எனக்கு மறக்குமா?”

அவர் குறையாகச் சொல்லவில்லை. தன்னுடைய பெரிய நாளைச் சொன்னார். அப்பாவும் சித்தப்பாவும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அந்தக் கதையை அவர்களுக்குச் சொல்லி வளர்த்தவர் மாமி. பிறகு இருவரும், யாரோ கூப்பிட்டதுபோல, எழுந்து குசினிப் பக்கம் நடந்தார்கள். நான் பின்னால் போனேன்.

மாமி சோறு சமைத்த பெரிய கிடாரத்தைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்.

“அக்கா,” என்றார் சித்தப்பா. “நீங்களா தூக்கினது?”

மாமி நிமிர்ந்தார். வாசலில் நின்ற இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒளிக்க ஏலாது என்று தெரிந்துவிட்டது.

“ஏறேக்க நீ தோளில, அண்ணன் இடுப்பில. இறங்கேக்க மாறி. எனக்குப் பதினாலு வயசு. மூச்சு வாங்கிப்போச்சு.”

“ஏன் அப்பா எண்டு சொன்னனீங்கள்?” என்று அப்பா கேட்டார்.

“அடுத்த வீட்டுப் பிள்ளையள் தங்கட அப்பா கூட்டிக்கொண்டு போனவர் எண்டு சொல்ல, நீங்கள் ரெண்டு பேரும் அழுதனீங்கள். உங்களையும் அப்பாதான் தூக்கினவர் எண்டு சொன்னனான். நாலஞ்சு தரம் சொல்ல நம்பீட்டியள்.” மாமி திரும்பவும் கிடாரத்துக்குள் குனிந்தார். “போங்கோ, ஆக்கள் இருக்கினம்.”

அவர்கள் போகவில்லை. அப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கிடாரத்தின் ஒரு காதைப் பிடித்தார். சித்தப்பா மற்றக் காதைப் பிடித்தார். இருவருமாக அதைத் தூக்கிக் கிணற்றடிக்குக் கொண்டுபோனார்கள். ஆம்பிளைகள் கிடாரம் கழுவி எங்கள் வீட்டில் நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

எனக்கோ வேறு கவலை. பிரதி எடுத்தது நான். இரண்டு பாட்டிலும் பெரிய பிழை அச்சாகிவிட்டது. புத்தகங்களில் பிழை இருந்தால் கடைசிப் பக்கத்தில் ‘பிழை திருத்தம்’ போடுவார்கள் என்று எனக்குத் தெரியும். மிஞ்சிய கல்வெட்டுகள் அறையில் கட்டாக இருந்தன. பேனையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து ஒவ்வொன்றின் பின்னட்டையிலும் எழுதத் தொடங்கினேன்: ‘பிழை திருத்தம். தூக்கியவர் அப்பா அல்ல, அக்கா.’

மூன்றாவது புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தபோது மாமி உள்ளே வந்தார்.

“என்ன செய்யிறாய்?”

“சரியானதை எழுதுறன் மாமி. எல்லாத்திலயும் எழுதப்போறன்.”

மாமி வாசித்தார். மாமிக்கு ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது, மெதுவாகத்தான் வாசிப்பார். பிறகு என் கையில் இருந்து பேனையை வாங்கி மூடினார்.

“வேண்டாம் பிள்ளை. அப்பப்பாவும் பாவம், பிள்ளையளைத் தூக்க நேரம் கிடைக்கேல்லை. அவங்களுக்கு அப்பா எண்டு நினைக்க இருக்கிறது அது ஒண்டுதான். அதையும் எடுத்துப்போட்டால் அவங்களிட்ட என்ன இருக்கு?”

“இப்ப அப்பாக்கும் சித்தப்பாக்கும் தெரியும்தானே?”

“தெரிஞ்சால் தெரிஞ்சதுதான். எழுதத் தேவையில்லை.”

அந்தப் பதில் எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரு விடை பிழை என்று தெரிந்த பிறகு அதைத் திருத்தாமல் விடுவதா? மாமிக்குப் படிப்புக் குறைவு, அதனால் விளங்கவில்லை என்று நினைத்தேன். அந்தக் கல்வெட்டில் மகன்மார் இருவருடைய பாட்டும் இருந்தது, பேரப்பிள்ளைகளின் பாட்டும் இருந்தது, மகளுடைய பாட்டு என்று ஒன்றும் இல்லை என்பதை, ஒவ்வொரு எழுத்தாகப் பிரதி எடுத்த நான் கவனிக்கவே இல்லை. மாமியிடம் ஒரு பாட்டுக் கேட்கவேண்டும் என்று அப்பாவுக்கும் தோன்றவில்லை, சித்தப்பாவுக்கும் தோன்றவில்லை.

மாமி கட்டாக இருந்த புத்தகங்களை அப்படியே விட்டுவிட்டு, நான் எழுதிய மூன்றையும் மட்டும் எடுத்தார். கிழிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் அலுமாரியைத் திறந்து, தன்னுடைய சேலைகளுக்கு அடியில் அந்த மூன்றையும் வைத்து, ஒருமுறை கையால் தடவி, கதவைச் சாத்தினார். அவசரத்தில் எழுதியதில் என் எழுத்து கோணலாகப் போயிருந்தது. வீட்டுக்கு வந்த ஆட்கள் அதைப் பார்த்துவிடக்கூடாது என்றுதான் மாமி ஒளித்துவைக்கிறார் என்று நான் நம்பினேன்.